மிக்கேல் சம்மனசின் காலடியில் என் முகம்

என் மகனே,

நீ சுகமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் நீ அனுப்புகிற குரல் செய்திகளைக் குசினிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நானும் கேட்கிறேன். "அப்பா எப்பிடி?" என்ற கேள்வி எப்போதும் கடைசியில், உனக்கு மூச்சு முடியப் போகிற இடத்தில் வரும். "இருக்கிறார்" என்று அம்மா பதில் அனுப்புவாள். என்னைப் பற்றி இதுவரை வெளிவந்த அறிக்கைகளில் மிகவும் சரியானது அதுதான். அடுத்த பாடசாலைத் தவணை சிலாவத்துறையில் கணித ஆசிரியராகப் பொறுப்பேற்கப் போகிறாய் என்பதையும் அந்தக் கதவுதான் எனக்குச் சொன்னது.

இந்தக் கடிதத்தைத் தனியாக அனுப்பினால் நீ திறக்க மாட்டாய். அதனால் வருடாவருடம் நான் பகிடி எழுதுகிற நம் பாடசாலைச் சஞ்சிகையிலேயே போடுகிறேன். யாராவது ஒருவர் படம் எடுத்து உனக்கு அனுப்பாமல் விடமாட்டார்கள்; நம் ஊரை எனக்குத் தெரியும். ஊர் முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்து முடிந்துவிட்டதால் எனக்கு இனி ஒளிக்கவும் ஒன்றுமில்லை. ஒன்றைத் தவிர. பதினொரு வயதில் நீ வீட்டை விட்டுப் போன அன்று நான் உன்னைத் தேடவே இல்லை என்று நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். அப்படி நம்ப வைத்தவன் நான். அது பொய். நீ வகுப்பறைக்குள் ஆசிரியராகக் காலை வைப்பதற்கு முன் இதை உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். நானாக நினைக்கவில்லை, ஒரு பசாசு நினைக்க வைத்தது. கேள்.

நம் அதிபர் சிஸ்டருக்குப் புதிதாக ஒரு யோசனை வந்தது. கலையால் பிழைப்பு நடத்துகிற ஊர் ஆட்களை வியாழன் தோறும் ஒரு மணித்தியாலம் வகுப்புக்குள் கூட்டிவர வேண்டும். மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தி அனுப்புவதற்கு இல்லை. பிள்ளைகளோடு இருந்து வேலை செய்வதற்கு. கேட்டதும் எனக்கு வயிற்றெரிச்சல், ஏனென்றால் அந்த மணித்தியாலம் என் இயற்கணிதத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது.

"சேர், நீங்கள் வகுப்பின்ர பின்வாங்கில இருந்து பாத்தால் போதும்," என்றார் சிஸ்டர்.

"நான் பின்வாங்கில இருந்தால் பிள்ளையள் என்னத்தைப் படிக்கும், சிஸ்டர்?"

"அதைத்தான் நானும் பாப்பம் எண்டு இருக்கிறன்."

முதல் வியாழன் உப்புக்குளத்திலிருந்து மருதாணி போடுகிற தங்கச்சி ஒருவர் வந்தார். அவர் போன பிறகு என் வகுப்பில் பெடியன்கள் பாதிப் பேர் கையில் பூவும் கொடியுமாக நின்றார்கள். உதைபந்தாட்டக் குழுத் தலைவன் இரண்டு கையிலும். வீட்டுக்குப் போய் என்ன சொல்வதென்று அழுதவர்களும் உண்டு. சமச்சீர் என்றால் என்ன என்று நான் மூன்று கிழமை கத்தியும் விளங்காதது, அந்தப் பிள்ளை ஒரு உள்ளங்கையை மற்றதன் மேல் அழுத்திக் காட்டியதும் விளங்கிவிட்டது. நான் அதைக் காணாத மாதிரி இருந்தேன். அப்படி இருப்பதில் எனக்கு நீண்ட அனுபவம்.

இரண்டாம் வியாழன் வந்தவன் அருள்தாஸ். உனக்கு அவனைத் தெரிந்திருக்காது; உனக்கு ஆறேழு வருடம் மூத்தவன். என்னிடம் கணிதத்தில் மூன்று தரம் பெயிலாகி, நான்காம் தரம் வராமலே விட்டவன். இப்போது வள்ளங்களுக்கு வர்ணம் அடித்துப் பெயர் எழுதுகிறான். கோயிலில் உடைந்த சிலைகள், சுரூபங்கள் திருத்துகிறான். தலைமன்னாரிலிருந்து விடத்தல்தீவு வரைக்கும் எந்த அர்ச்சிஷ்டவருக்கு விரல் உடைந்தாலும் சிகிச்சை அவனுடைய தகரக் கொட்டகையில்தான். ஸ்திரிக்கை போட்ட வெள்ளைச் சேட்டும், தோளில் ஈரச் சாக்கில் களிமண்ணுமாக வந்தான். "வணக்கம் சேர்" என்றான். பிறகு பிள்ளைகளிடம் திரும்பி, "இந்த வகுப்பில நான் எப்பவும் பின்னுக்குத்தான். முன்னுக்கு நிண்டு பாக்கிறது இண்டைக்குத்தான்," என்று சொல்லிவிட்டு, ஆளுக்கொரு உருண்டை களிமண் கொடுத்தான்.

"முதல் வேலை, பக்கத்தில இருக்கிறவரின்ர முகத்தை ஒரு நிமிசம் பாக்கோணும். சிரிக்கப்படாது."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மெல்ல மெல்ல அடங்கினார்கள். நாற்பது பிள்ளைகள் வாய்திறக்காமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிடத்தைப் போல ஒன்றை நான் முப்பது வருடத்தில் பிரம்பாலும் கண்டதில்லை. எனக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லாததால் நான் கலண்டரைப் பார்த்தேன். பிறகு மூக்குகளும் காதுகளும் முளைக்கத் தொடங்கின. முன்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கேட்டாள்: "அண்ணை, நீங்கள் சுரூபங்களுக்கு முகம் எங்கயிருந்து எடுக்கிறனீங்கள்?"

"ஆக்களிட்ட இருந்துதான். சூசையப்பருக்கு ஐஸ் தொழிற்சாலைக் காவலாளியின்ர நெத்தி. அந்தோனியாற்ற கையில இருக்கிற பாலனுக்கு என்ர அக்காவின்ர மகன்ர கன்னம்."

"அப்ப மிக்கேல் சம்மனசின்ர காலுக்குக் கீழ கிடக்கிற பசாசுக்கு?"

வகுப்பில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அருள்தாஸ் என்னைப் பார்த்தான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. அதனால்தான் அவன் என் கணக்கில் ஒருநாளும் பார்த்தெழுதிப் பாஸாகவில்லை.

"அது... எங்கட சேர்தான்," என்றான்.

கூரை ஓடு பறந்ததா என்று நான் பார்த்தேன், இல்லை, சிரிப்புத்தான். வாசலில் நின்ற சிஸ்டர் முக்காட்டின் நுனியை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டு தென்னைமரத்தைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். முப்பது வருட ஆசிரிய அனுபவம் என் உதவிக்கு ஓடிவந்து, "எல்லாரும் கணக்குக் கொப்பியை எடுங்கோ!" என்று சொல்ல வைத்தது. எண்பது கையிலும் களிமண்.

நீ இந்தப் பக்கம் கோயிலுக்கு வந்து பல காலம் என்பதால் பின்கதையைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் பெருநாள் சுற்றுப்பிரகாரத்தில் வளைவில், சுரூபத்தை வைத்துத் தூக்கிய கூடு சரிந்து, மிக்கேல் சம்மனசு சுரூபம் கீழே விழுந்தது. சம்மனசுக்கு ஒரு கீறல் இல்லை. காலடியில் கிடந்த பசாசின் தலை மட்டும் கழன்று தெருவோரக் கானுக்குள் உருண்டு போனது. புதுத் தலை செய்தவன் அருள்தாஸ். திரை நீக்கிய அன்று பங்குச்சபைச் செயலாளர் என்ற முறையில் நன்றியுரை ஆற்றியவன் உன் அப்பன். அந்தத் தலைக்குப் பக்கத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பசாசை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது, ஏனென்றால் பாவம் நமக்கெல்லாம் மிகவும் பழக்கமானது" என்றேன். சனம் வாங்கில் விழுந்து விழுந்து சிரித்தது. சாமியார் கண்ணைத் துடைத்தார். என் பகிடிக்கு மனிதர்கள் அப்படிச் சிரித்தது அதுவே முதல் தரம். அந்தச் சந்தோசத்தில்தான் இந்தச் சஞ்சிகைக்கு எழுதவே ஆரம்பித்தேன். பூசை முடிந்து வெளியே போகிற பிள்ளைகள் பசாசின் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போகிற நம் கோயில் வழக்கம் உனக்குத் தெரியும். புதுத் தலை வந்த பிறகு அந்த வரிசை வாசல் வரை நீண்டது. பக்தி வளர்கிறது என்று நான் கூட்டத்தில் பதிவு செய்திருக்கிறேன்.

அன்று பாடசாலை விட்டதும் நேரே கோயிலுக்குப் போனேன். குனிந்து பார்த்தேன். என் வழுக்கை. என் காது மயிர். மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய பள்ளம். பசாசு எந்தக் காலத்தில் கண்ணாடி போட்டது? கண் இரண்டும் பிதுங்கி, வாய் பிளந்து, மேலே பார்த்துக்கொண்டு நான்தான் கிடந்தேன். உச்சந்தலையில் குட்டுப் பட்டு வர்ணம் தேய்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"இப்பதான் கண்டனீங்களோ?"

"உமக்குத் தெரியுமோ?"

"அண்டைக்கே தெரியும். சீலையை இழுக்கேக்க 'ஐயோ என்ர மனிசன்' எண்டு வாய்விட்டுச் சொல்லிப்போட்டன்."

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்ல?"

"எப்பிடிச் சொல்லுறது? நீங்கள்தானே மைக்கை விடாமப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்."

"நீரும் குட்டினனீரோ?"

உன் அம்மா மீன் தலையை எடுத்துக் கழுவப் போய்விட்டாள். ஒரு கேள்விக்குப் பதில் இல்லாததுவும் பதில்தான் என்று கல்யாணமாகாத உனக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன்.

மறுநாள் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "சேர், தாய் தகப்பன்மார் கதைக்கத் தொடங்கிட்டினம். அருள்தாஸ் வாற வியாழனும் வரலாமோ, வேண்டாமோ? நீங்களே எழுதித் தாங்கோ. உங்கட முகம், உங்கட முடிவு." நான் வேண்டாம் என்று எழுதினேன். ஐந்து காரணம், முழுத்தாள். எழுத்து அவ்வளவு அழகாக வந்தது. அதைக் கொடுப்பதற்கு முன் அவனுக்கு நேரில் சொல்லுகிற சந்தோசத்தை இழக்க விரும்பாமல், சேட்டுப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு அவன் கொட்டகைக்குப் போனேன்.

தலையில்லாத இரண்டு சம்மனசுகளுக்கு நடுவில் இருந்து ஒரு கையை அரத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழும்பி, கதிரையைத் துவாயால் துடைத்துப் போட்டான். நான் உட்காரவில்லை.

"உன்ர படக் கொப்பியைக் கிழிச்சதுக்கு நல்லாப் பழி வாங்கிட்டாய், என்ன?"

"எந்தக் கொப்பி சேர்?"

உண்மையிலேயே அவனுக்கு ஞாபகம் இல்லை. கொஞ்சம் யோசித்து, "ஓ, அதோ? நீங்கள் எல்லாற்ற கொப்பியும் கிழிச்சனீங்கள்தானே," என்றான், யாரோ ஒருவரின் நல்ல பழக்கத்தைச் சொல்வதுபோல. நான் அப்போதுதான் அந்தக் கதிரையில் உட்கார்ந்தேன்.

"அப்ப ஏன்ரா என்ர முகம்?"

"சேர், பசாசு எண்டால் எல்லாரும் கோவக்கார முகமாத்தான் செய்வினம். ஆனா சம்மனசு காலால மிதிச்சு வாளை ஓங்கிறார். அந்த நேரம் அது கோவப்படுமோ? பயப்படுமெல்லே? இனி ஒண்டுமில்லை, எல்லாம் போச்சு எண்ட பயம். அப்பிடி ஒரு முகத்தை நான் ஒருக்காத்தான் கண்டனான்."

"எங்க?"

"கடற்கரையில. உங்கட மகன்ர சப்பாத்துக் கிடந்த அண்டைக்கு."

மகனே, இனி அவன் சொன்னதையும் எனக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். அன்று காலை உன் கணக்குக் கொப்பியில் ஒரு முக்கோணத்துக்குள் என்னை வரைந்திருந்தாய், பெரிய காதுகளோடு. நான் உன்னை வாங்கின் மேல் ஏற்றி, அந்தப் பக்கத்தை விரித்துப் பிடிக்கச் சொல்லி, "இது ஆர்?" என்று வகுப்பைக் கேட்டேன். கொப்பியை நடுவால் கிழித்தேன். உன் பரீட்சைப் புள்ளியை உரத்து வாசித்தேன். இடைவேளைக்குப் பிறகு உன் இடம் வெறுமையாக இருந்தது. வீட்டிலும் நீ இல்லை. மத்தியானம் கடற்கரைக்கு ஓடினேன். தண்ணீர் விளிம்பில் உன் பையும் சப்பாத்தும் இருந்தன. சப்பாத்து இரண்டும் சோடியாகச் சேர்த்து வைக்கப்பட்டு, உள்ளே காலுறை சுருட்டி வைத்திருந்தது. நீ ஒருநாளும் அப்படி ஒழுங்காகக் கழற்றி வைத்தவன் இல்லை. அந்த ஒழுங்கைப் பார்த்தபோதுதான் நான் செத்தேன்.

மாமாவின் கூட்டாளியுடைய வள்ளத்துக்குத் தண்ணீரில் நடந்து போய் ஏறி, நீ விடத்தல்தீவில் மாமாவிடம் போய்விட்டாய் என்பது எனக்கு எப்படித் தெரியும்? சேட்டோடு, கண்ணாடியோடு, நெஞ்சளவு தண்ணீருக்குள் இறங்கி உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். காலால் துழாவினேன். நிலத்தில் மெத்தென்று எது பட்டாலும் நீ என்று குனிந்தேன். பிறகு கரைக்குத் திரும்பி வந்து முழங்காலில் விழுந்தது ஞாபகம் இருக்கிறது. ஆளில்லாக் கடற்கரை என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

"நான் இழுத்து வைச்ச வள்ளத்துக்கு மற்றப் பக்கம் பேர் எழுதிக்கொண்டு நிண்டனான்," என்றான் அருள்தாஸ். "நீங்கள் இறங்கினதைக் கண்டு பிறஷை எறிஞ்சுபோட்டு நானும் இறங்கினனான். உங்களுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் முக்குளிச்சுத் தேடினனான். நீங்கள் என்னைக் காணேல்ல."

"கூப்பிட்டிருக்கலாமே?"

"உங்களைக் கூப்பிடப் பயம், சேர்."

நான் மூன்று தரம் பெயிலாக்கிய ஒருவன், என் பிள்ளையைத் தேடி, எனக்குப் பக்கத்தில் மூச்சடக்கி மூழ்கி எழும்பியிருக்கிறான். நான் அவனைக் காணவில்லை. பசாசு என் முகத்தோடு கிடந்ததைக் கண்டபோது வந்த அதிர்ச்சி எல்லாம் இதற்கு முன் சும்மா விளையாட்டு.

"பிறகு நீங்கள் முழங்காலில விழுந்து மேல பாத்தனீங்கள்," என்றான். "அந்த முகம் என்ர கையை விட்டுப் போகேல்ல. களிமண்ணை எடுத்தாலும் அதுதான் வருது. உங்களிட்டக் கேட்டுச் செய்திருக்கோணும். என்ர பிழை. பெருநாளுக்கு முதல் வேற தலை வைச்சுத் தாறன் சேர்."

நீ காணாமல் போன அன்று பின்னேரம், நீ மாமாவின் வீட்டில் சோறு தின்கிறாய் என்று செய்தி வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுக்கு ஓடிப்போய்க் குளித்து, உப்புச் சட்டையை அம்மாவுக்கும் தெரியாமல் ஊறப்போட்டு, கதிரையில் இருந்து போன கிழமைப் பத்திரிகையை விரித்துக்கொண்டேன். மாமா உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தபோது பத்திரிகையைத் தாழ்த்தவில்லை. "வந்திட்டியோ? நீ எங்க போவாய் எண்டு எனக்குத் தெரியும். நான் தேடேல்ல. கைகாலைக் கழுவிப்போட்டுச் சாப்பிடு," என்றேன். பத்திரிகையைத் தாழ்த்தியிருந்தால் நீ என் கண்ணைக் கண்டிருப்பாய். ஆசிரியனுக்குப் பயம் வரும் என்று உனக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்தேன். நீ உள்ளே போனாய். அதன் பிறகு நீ ஒரு கோடும் வரையவில்லை. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் எடுத்தாய், பல்கலைக்கழகம் போனாய், வீட்டில் இரண்டு இரவுக்கு மேல் தங்காமல் விட்டாய். "அப்பா என்னைத் தேடவேயில்லைதானே" என்று நீ ஒருநாள் அம்மாவிடம் சொன்னதை அவள் போன வருடம்தான் எனக்குச் சொன்னாள். அப்போதும் நான் வாய்திறக்கவில்லை.

அந்த ஐந்து காரணத்தையும் கொடுக்காமல், சிஸ்டரிடம் வேறு தாள் கொடுத்தேன். "வரட்டும். எல்லா வியாழனும்." அவர் திருப்பிப் பார்த்தார். "காரணம் ஒண்டும் எழுதேல்லயே சேர்?" "தாளில இடம் காணாது சிஸ்டர்." அடுத்த வியாழன் நானும் ஒரு உருண்டை களிமண் வாங்கிக்கொண்டு பின்வாங்கில் ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் என் முகத்தை ஒரு முழு நிமிடம் பார்த்துவிட்டு, "சேர், உங்களுக்கு இடது கண் கொஞ்சம் சின்னன்," என்றாள். முப்பது வருடம் நான் கரும்பலகையைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அதனால் சிலாவத்துறையில் உனக்கு வகுப்பு கிடைத்ததும், அந்த ஊரில் வள்ளத்துக்குப் பெயர் எழுதுகிறவனை, பாயில் பூப்போட்டு இழைக்கிறவளை, கல்யாணப் பந்தல் சோடிக்கிறவனைத் தேடிப்போய்க் கூட்டிவா. உன் நேரத்திலிருந்தே ஒரு மணித்தியாலம் கொடு. விளையாட்டுப் பாடத்திலிருந்து வெட்டாதே, பிள்ளைகள் உன்னை மன்னிக்க மாட்டார்கள். அவர்கள் வேலை செய்யும்போது நீ பின்வாங்கில் இரு. என்றாவது ஒருநாள் உன் பழைய மாணவன் ஒருவன் முன்னால் நிற்கலாம். நீ பெயிலாக்கியதற்கு வெளியே அவனிடம் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்க அதைவிட வேறு வழி எனக்குத் தெரியாது. யாராவது உன்னைக் கொப்பியில் வரைந்தால், கிழிப்பதற்கு முன் ஒருக்கா கண்ணாடியைப் பார். என் காது உண்மையிலேயே பெரிசுதான், மகனே. நீ அளவெடுத்த மாதிரி வரைந்திருந்தாய்.

அருள்தாஸ் வேறு தலை செய்து முடித்துவிட்டான். யாருடைய முகமும் இல்லாத, பல்லை நறநறவென்று கடிக்கிற சாதாரணப் பசாசு. சாமியாருக்குச் சம்மதம், பங்குச்சபைக்குச் சம்மதம். நான்தான் இன்னும் சரி சொல்லவில்லை. பெருநாளுக்கு முதல் ஒருநாள் வா. பூசை இல்லாத நேரம் பார்த்து வா; நான் கூட வரமாட்டேன். தனியாகப் போய்ச் சம்மனசின் காலடியில் குனிந்து பார். அன்று நான் பத்திரிகைக்குப் பின்னால் ஒளித்த முகம் அதுதான். வாயால் சொன்னால் நீ நம்பவேண்டிய அவசியம் இல்லை, அந்த உரிமையை நான் இழந்துவிட்டேன். நீ பார்த்துவிட்டுப் போகும்வரை அந்தத் தலையில் கைவைக்க வேண்டாம் என்று அருள்தாசிடம் சொல்லியிருக்கிறேன். வைத்திருப்பதா மாற்றுவதா என்று நீயே அவனிடம் சொல்.

அப்பா